நாற்பது சேர்வர், ஒரு போயா நாள்: நெட்வேர்க் அடப்டர்களை எந்த வழியில் மாற்றுவது?

கொழும்பில் நடுத்தர அளவான ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். யூனியன் பிளேஸில் தலைமைக் கந்தோர். டேட்டா சென்டர் ஒன்றில் வாடகைக்கு எடுத்த இரண்டு ராக். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியாக் கிளைகளில் தலா ஒரு சேர்வர். எல்லாம் சேர்த்து நாற்பது வரும். முக்கால்வாசி விண்டோஸ், மிச்சம் உபுண்டுவும் ரெட் ஹெட்டும். இவ்வளவு காலமும் எல்லாம் ஒரே நெட்வேர்க்கில் கிடந்தன. இப்போது அதை வி-லான்களாக (ஒரே சுவிட்சில் ஓடும் தனித்தனி நெட்வேர்க்குகளாக) பிரிக்க முடிவாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு சேர்வரின் நெட்வேர்க் அடப்டருக்கும் புது ஐ.பி. முகவரி, புது கேட்வே (வெளியே போகும் வாசல்), புது டி.என்.எஸ். (பெயருக்கு ஐ.பி. சொல்லும் சேர்வர்) வேண்டும். கிடைத்திருக்கும் நேரம் வரப்போகும் போயா நாள். வங்கிகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, சாராயக் கடையும் பூட்டு. வேலை செய்ய இதைவிட நல்ல நாள் கிடையாது.

இந்த இடத்தில் ஐ.டி. ஆக்களிடையே வழக்கமாகக் கிளம்பும் வாக்குவாதம் "பவர்ஷெல்லா, அன்சிபிளா" என்பது. பவர்ஷெல் விண்டோஸின் கட்டளை மொழி, அன்சிபிள் பல சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. இந்த வாக்குவாதம் இரண்டாவதாகக் கதைக்க வேண்டிய விஷயம். அடப்டர் அமைப்பை ஸ்கிரிப்டால் மாற்றுவது மற்ற ஸ்கிரிப்ட் வேலைகளைப் போன்றதல்ல. ஒரு மென்பொருளை நிறுவும் ஸ்கிரிப்ட் பிழைத்தால் அந்தச் சேர்வரோடு இன்னும் பேசலாம், திருத்தலாம். நெட்வேர்க்கை மாற்றும் ஸ்கிரிப்டோ, தான் வந்த பாதையையே வெட்டுகிறது. ஏறியிருக்கும் கிளையை அடியில் வெட்டுகிறவனின் நிலைதான். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் இரண்டு கேள்விகளை முதலில் கேட்பேன். மாற்ற வேண்டிய அடப்டர் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாதி வேலையில் தொடர்பு அறுந்தால் அந்தச் சேர்வரை மீட்பது யார்? எழுதும் மொழி, அழகு, நவீனம் எல்லாம் பிறகு.

கையால் செய்வது

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறேழு சேர்வர் என்றால், ஐலோ அல்லது ஐடிராக் (சேர்வருக்குள் தனியாக ஓடும் தூரக் கட்டுப்பாட்டு வசதி) வழியாகத் திரையைத் திறந்து, சர்வர் கோரில் (சாளரத் திரை இல்லாத விண்டோஸ் சேர்வர்) 'எஸ்கொன்ஃபிக்' மெனுவில் இலக்கங்களைத் தட்டிவிட்டு வரலாம். ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்கும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும். நாற்பதுக்கு இது சரிவராது. இலக்கங்களைத் தட்டும்போது இருபதாவது சேர்வருக்குப் பிறகு கண் சோர்ந்துவிடும், மாஸ்க் (நெட்வேர்க்கின் எல்லையைக் குறிக்கும் எண்) 255.255.255.0 என்று வர வேண்டிய இடத்தில் 255.255.225.0 என்று தட்டுவார்கள். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் கையால் செய்கிறவரிடம் நல்ல பதில் இருக்கிறது: அடப்டரைக் கண்ணால் பார்க்கிறார், தொடர்பு அறுந்தாலும் ஐலோ திரை அறுவதில்லை. எந்தத் தானியங்கி வழியும் இந்த அளவுகோலைத் தொட வேண்டும்.

நெட்ஷ்: ஒரு வரி மாயம்

விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வரும் கட்டளை. பழைய பேட்ச் கோப்புகளில் இன்னும் இதுதான் வாழ்கிறது. "அண்ணா, நெட்ஷ் ஒரே வரியில முடிக்குதே, பிறகேன் இவ்வளவு பாடு?" என்று புதிதாகச் சேர்ந்த தம்பிமார் கேட்பது நியாயம்தான். உண்மையில் அதில் ஒரு நன்மை உண்டு. ஐ.பி., மாஸ்க், கேட்வே மூன்றையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே சேர்வர் அந்தரத்தில் தொங்கும் நிலை வராது. இந்த ஒரு விஷயத்தில் பவர்ஷெல்லைவிட நெட்ஷ் நேர்த்தியானது.

குறை எங்கே என்றால், அது அடப்டரைப் பெயராலோ, சேர்வருக்குச் சேர்வர் மாறும் ஒரு சுட்டெண்ணாலோதான் கேட்கும். 'ஈதர்நெட்' என்ற பெயர் ஒரு சேர்வரில் முதல் துளை, இன்னொன்றில் மூன்றாவது துளை, வேறொன்றில் எப்போதோ கழற்றிய அட்டையின் இடத்தில் வந்த 'ஈதர்நெட் 4'. எல்லாச் சேர்வரும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்திருந்தால் பெயர்கள் ஒத்துப்போகும். 2022க்குப் பிறகு இங்கே அப்படி வாங்கியவர்கள் எத்தனை பேர்? டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டிய காலத்தில், கிடைத்த சேர்வரை வாங்கி, யூனிட்டி பிளாசாவில் அகப்பட்ட அட்டையைச் செருகி ஓட்டினோம். ராக்கில் இருப்பது பல தலைமுறைக் கலவை. பெயரை நம்பி நாற்பது சேர்வரில் ஒரே வரியை ஓட்டினால், தரவுச் சேமிப்புக்குப் போகும் அடப்டரில் புது ஐ.பி. போய் உட்காரும்.

இன்னொன்று: நெட்ஷ் தருவது வெறும் எழுத்து. வெற்றியா தோல்வியா என்று இன்னொரு ஸ்கிரிப்ட் படித்து அறிவது சிரமம். வரும் விண்டோஸ் பதிப்புகளில் இதன் சில பகுதிகள் நீக்கப்படலாம், பவர்ஷெல்லுக்கு மாறுங்கள் என்று மைக்ரோசொஃப்ட் 2012 காலத்திலிருந்தே சொல்லிவருகிறது. இன்னும் போகவில்லை. ஐலோ திரைக்குள் நின்று ஒரு சேர்வரை அவசரமாக எழுப்ப நான் இன்றும் நெட்ஷைத்தான் எடுப்பேன். நாற்பதுக்கு எடுக்கமாட்டேன்.

இதே வரிசையில் விண்டோஸின் பழைய ஸ்கிரிப்ட் மொழியான வி.பி.ஸ்கிரிப்டும் வருகிறது. 'எனேபிள்ஸ்டாட்டிக்' என்று அழைத்து டபிள்யூ.எம்.ஐ. (விண்டோஸின் நிர்வாக இடைமுகம்) வழியாக மாற்றும் பழைய ஸ்கிரிப்டுகள் பல கந்தோர்களின் பகிர்வு ஃபோல்டர்களில் கிடக்கின்றன. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் வி.பி.ஸ்கிரிப்டைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தக் கோப்புகளை எடுத்துத் தூசு தட்ட வேண்டாம்.

பவர்ஷெல்: நல்லது, ஆனால் பொறிகள் உண்டு

விண்டோஸ் சேர்வர் 2012இலிருந்து நெட்அடப்டர், நெட்டிசிபிஐபி என்ற இரண்டு தொகுதிகள் கூடவே வருகின்றன. தூரத்திலிருந்து கட்டளை ஏற்கும் வசதியும் அதே பதிப்பிலிருந்து இயல்பாகவே திறந்திருக்கிறது. 5985ஆம் போர்ட்டில், சான்றிதழோடு எச்.டி.டி.பி.எஸ். வழியாக வேண்டுமானால் 5986இல். 'இன்வோக்-கமாண்ட்' ஒரே நேரத்தில் 32 சேர்வர்களோடு பேசும். அது இயல்பு எல்லை, மாற்றலாம். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, டொலரில் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் இதுவே பெரிய வாதம்.

அடப்டரை அடையாளம் காண்பதில் அதன் பலம் தெரியும். பெயரை விட்டுவிட்டு மெக் முகவரியால் (அட்டையிலேயே பதிந்து வரும் அடையாள எண்) தேடலாம். எல்லா வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்கின்றன. நான் ஒரு படி மேலே போய், ஐ.பி. மாற்றும் வேலைக்கு மெக்கை விடப் பழைய ஐ.பி.யே நல்ல அடையாளம் என்பேன். ஏனென்றால் மெக் தனித்துவமானது என்பது பாதி உண்மை. இரண்டு துளைகளைச் சேர்த்து 'டீம்' ஆக்கியிருந்தால், டீம் அடப்டர் தன் உறுப்பினர் ஒன்றின் மெக்கையே எடுத்துக்கொள்ளும். தேடினால் இரண்டு விடை வரும். ஹைப்பர்-வி (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் மென்பொருள்) ஓடும் சேர்வரில் ஐ.பி. இருப்பது மெய்யான அட்டையில் அல்ல, 'வி-ஈதர்நெட்' என்ற அடப்டரில். அதுவும் மெய்யான அட்டையின் மெக்கைப் பகிர்ந்திருக்கும். "10.1.0.25 எந்த அடப்டரில் உட்கார்ந்திருக்கிறதோ, அதை எடு" என்று கேட்டால் இந்தக் குழப்பமே இல்லை. புதிதாக வரும், இன்னும் ஐ.பி. இல்லாத சேர்வருக்குத்தான் மெக் தேவை.

மெக்கை வைத்துத்தான் செய்வேன் என்றால் எக்செலைக் கவனியுங்கள். பட்டியலை எக்செலில் திறந்து சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது, இடைக்கோடு இல்லாமல் எழுதிய மெக்கில் 'ஈ' என்ற ஓர் எழுத்து மட்டும் இருந்து மற்றதெல்லாம் இலக்கமானால், எக்செல் அதைப் பெரிய எண் என்று எண்ணி அடுக்குக்குறியில் மாற்றிவிடும். முன்னால் நிற்கும் பூச்சியங்களும் போய்விடும். விண்டோஸ் மெக்கை இடைக்கோட்டோடு காட்டும், லினக்ஸ் முக்காற்புள்ளியோடு காட்டும்; இரண்டு பக்கமும் ஒரே பட்டியலைப் பாவிப்பதென்றால் முதலில் இதை ஒன்றாக்க வேண்டும்.

இனிப் பொறிகள். முதலாவது, 'செட்-நெட்ஐபிஅட்ரஸ்' என்ற கட்டளை. பெயரைப் பார்த்தால் ஐ.பி.யை மாற்றும் என்றுதான் தோன்றும். மாற்றாது. மாஸ்க் போன்ற மற்றப் பண்புகளை மட்டுமே மாற்றும். ஐ.பி. மாற 'நியூ-நெட்ஐபிஅட்ரஸ்' வேண்டும். அதுவும் பழையதை எடுக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்க்கும். பழைய கேட்வே இருக்கையில் புது கேட்வேயையும் சேர்த்துக் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று முறைத்து நின்றுவிடும். முதலில் பழைய பாதையை 'ரிமூவ்-நெட்ரூட்' கொண்டு எடுக்க வேண்டும். அதை எடுத்த கணத்தில், நீங்கள் வேறு சப்நெட்டிலிருந்து (வேறு ஐ.பி. தொகுதியிலிருந்து) வந்திருந்தால், தொடர்பு அறுந்து கதை முடிந்தது.

இரண்டாவது, கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை. டொமைனுக்குள் (ஒரே கணக்குப் பட்டியலைப் பகிரும் விண்டோஸ் கணினிக் கூட்டம்) சேர்வரின் பெயரால் நுழைவது சுலபம். ஐ.பி. மாறியபின் பெயர் இன்னும் பழைய ஐ.பி.யைக் காட்டிக்கொண்டிருக்கும், விண்டோஸ் தானாகப் பதியும் டி.என்.எஸ். பதிவின் ஆயுள் இயல்பாக 20 நிமிடம். சரி, ஐ.பி.யாலேயே நுழைவோம் என்றால் கெர்பரோஸ் இயல்பாக ஐ.பி.யை ஏற்காது, 'ட்ரஸ்டட்ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும், அல்லது 5986 வழி சான்றிதழோடு தயாராக இருக்க வேண்டும். இதை மாற்றத்துக்கு முதல் நாள் செய்யாதவர்கள், சேர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது செத்துவிட்டது என்று நினைத்து டேட்டா சென்டருக்கு வெளிக்கிடுவார்கள்.

மூன்றாவது, தீச்சுவர். புது நெட்வேர்க்கில் விழித்த விண்டோஸ் டொமைன் கொன்ட்ரோலரை (அந்தக் கணக்குப் பட்டியலை வைத்திருக்கும் சேர்வரை) எட்டவில்லை என்றால், தான் பொது இடத்தில் இருப்பதாக முடிவு செய்யும். பொது இடத்துக்கான விதி, தூரக் கட்டளையை அதே சப்நெட்டிலிருந்து மட்டுமே ஏற்கும். வி-லான் பிரிப்பின் நோக்கமே நீங்கள் வேறு சப்நெட்டில் இருப்பதுதான். ஆகவே இந்த விதியை முன்கூட்டியே தளர்த்தி, உங்கள் நிர்வாக சப்நெட்டை அனுமதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டியலைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்து, தூரச் சேர்வர் தானே போய் அதைப் படிக்கட்டும் என்றும் விடாதீர்கள். நீங்கள் நுழைந்த அடையாளம் அந்தச் சேர்வரிலிருந்து அடுத்த சேர்வருக்குச் செல்லாது. பட்டியலை இங்கேயே படித்து, அந்தச் சேர்வருக்குரிய வரியை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதே வழி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் பவர்ஷெல்லை முன்னே வைக்கிறேன் என்றால், இரண்டாவது கேள்விக்கு அதனால் நல்ல பதில் எழுத முடியும். மாற்றத்தைத் தூரத்திலிருந்து நேரடியாக ஓட்டக் கூடாது. ஸ்கிரிப்டைச் சேர்வருக்குள் வைத்து, டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கில் ஓட விட வேண்டும். அப்போது உங்கள் தொடர்பு அறுந்தாலும் அது தன் வேலையை முடிக்கும். அதற்கும் முன்பாக இன்னொரு டாஸ்க்: "பத்து நிமிடத்தில் பழைய ஐ.பி., பழைய கேட்வே, பழைய டி.என்.எஸ். மூன்றையும் திரும்ப வை." மாற்றம் சரியாகி நீங்கள் புது ஐ.பி. வழியாக உள்ளே போனதும், அந்த இரண்டாவது டாஸ்க்கை அழிக்கிறீர்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். சேர்வர் பழைய இடத்தில் நிற்கும். கவனிக்க: பக்கத்தில் சுவிட்ச் போர்ட்டின் வி-லானையும் மாற்றியிருந்தால் பழைய ஐ.பி. திரும்பியும் பயனில்லை. சுவிட்ச் பக்கத்துக்கும் திரும்பும் திட்டம் வேண்டும், இரண்டின் நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

வி-லான் மாறாமல் ஐ.பி. மட்டும் மாறும் சேர்வர்களுக்கு இவ்வளவு கூடத் தேவையில்லை. புது ஐ.பி.யைப் பக்கத்தில் சேர்த்து, அதன் வழியாக நுழைந்து பார்த்து, பிறகு பழையதை எடுக்கலாம். பக்கத்தில் சேர்க்கும் அந்தக் குணம் இங்கே வரமாகிவிடுகிறது.

டி.எஸ்.சி.: காவலுக்கு நிற்கும் ஸ்கிரிப்ட்

டி.எஸ்.சி. பவர்ஷெல்லோடு வரும் ஒரு வசதி. சேர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால், உள்ளே ஒரு முகவர் (பின்னணியில் ஓடும் சிறு மென்பொருள்) 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும். விலகினால் திருத்தவும் சொல்லலாம். 2013இல் விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 உடன் வந்தது. நெட்வேர்க்கிங்டிஎஸ்சி என்ற தொகுதி ஐ.பி., கேட்வே, டி.என்.எஸ். எல்லாவற்றையும் கையாளும், மெக்கால் கண்டுபிடித்துப் பெயரையும் மாற்றித் தரும்.

எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. சாமம் இரண்டு மணிக்கு ஒரு சேர்வர் விழுகிறது. அவசரத்துக்கு வேறு ஐ.பி. வைத்து எழுப்புகிறீர்கள், கால் மணித்தியாலத்தில் காவல்காரர் வந்து "இது பிழை" என்று பழையதைத் திரும்ப வைக்கிறார். நெட்வேர்க் அமைப்பு நாளாந்தம் விலகும் ஒன்றல்ல. அதற்கு நாள் முழுக்கக் காவல் தேவையில்லை. அதோடு 2025இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அந்த உள்முகவரே கிடையாது. புதிதாகத் தொடங்குகிறவர் பழைய முறையைப் படிப்பதா, புதியதைப் படிப்பதா என்ற சங்கடம் வேறு. ஏற்கெனவே டி.எஸ்.சி. ஓடும் இடம் என்றால் தொடருங்கள். இந்த வேலைக்காக அதைக் கொண்டுவர வேண்டாம்.

அன்சிபிள்

2012இல் தொடங்கி, 2015இல் ரெட் ஹெட் வாங்கியது. சேர்வர்களில் முகவர் எதுவும் வேண்டாம், லினக்ஸுக்கு எஸ்.எஸ்.எச்., விண்டோஸுக்கு பவர்ஷெல் பாவிக்கும் அதே தூரக் கட்டளை வசதி (வின்.ஆர்.எம்.). எல்லாச் சேர்வர்களும் எந்த ஐ.பி.யில் இருக்க வேண்டும் என்பது ஒரு யாமல் கோப்பில் (அமைப்புகளை எழுதும் எளிய எழுத்து வடிவம்) எழுத்தாக இருக்கும். கிட்டில் (கோப்பின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரியும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் புழங்கும் ஒரு குழுவில், வட்ஸ்அப்பில் சொன்னதைவிட இந்தக் கோப்பு நம்பத்தக்கது.

ஆனால் விண்டோஸ் பக்கத்தில் அன்சிபிள் செய்வது பெரும்பாலும் பவர்ஷெல்லைச் சுமந்து செல்வதுதான். டி.என்.எஸ். மாற்றத் தனிக் கூறு உண்டு, ஐ.பி. மாற்றத்துக்கு மேலே சொன்ன அதே பவர்ஷெல்லை யாமலுக்குள் பொதிந்து அனுப்புவதே பழக்கம். ஆகவே மேலே சொன்ன பொறிகள் அத்தனையும் இங்கேயும் உண்டு. மேலதிகமாக யாமலின் இடைவெளிப் பிழைகளும். முன்னோட்டமாக ஓட்டிப்பார்க்கும் வசதியை நம்பி இருந்தால், பொதிந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று அதனால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கட்டளையிடும் கணினி விண்டோஸாக இருக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு லினக்ஸ் பெட்டியோ, விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸோ வேண்டும்.

லினக்ஸ் பக்கத்தில் கதை வேறு. அங்கே அது தன் வீட்டில் நிற்கிறது. அதைவிட முக்கியம், இரண்டாவது கேள்விக்கு லினக்ஸே பதில் வைத்திருப்பது. உபுண்டுவில் 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுத்தால் புது அமைப்பை ஓட்டிவிட்டு 120 விநாடி காத்திருக்கும். நீங்கள் என்டர் தட்டவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிவிடும். தொடர்பு அறுந்தவரால் என்டர் தட்ட முடியாது. அதனால் சேர்வர் தானாகவே மீளும். விண்டோஸில் இரண்டு டாஸ்க் எழுதிச் செய்ததை இங்கே ஒரு கட்டளை செய்கிறது. பொண்ட் (பல துளைகளை ஒன்றாகக் கட்டுவது), பிரிட்ஜ் (நெட்வேர்க்குகளை இணைக்கும் மெய்நிகர் பாலம்) அமைப்புகளின் சில பண்புகளை அதனால் திருப்ப முடியாது, ஆகவே துளைகளைச் சேர்த்துக் கட்டிய சேர்வர்களில் அதை முழுதாக நம்ப வேண்டாம். அதோடு அது ஆள் எதிரே இருந்து என்டர் தட்டுவதற்காக எழுதப்பட்டது. அன்சிபிளுக்குள் நுழைத்தால் சரியாக ஓடாது. அதற்குப் பதிலாக 'சிஸ்டம்டி-ரன்' கொண்டு சில நிமிடங்களில் பழைய கோப்பைத் திரும்ப வைக்கும் ஒரு வேலையைக் குறித்துவிடலாம்.

ரெட் ஹெட்டில் 'என்.எம்.ஸ்டேட்' இன்னும் நேர்த்தி. வேண்டிய நிலையை எழுதிக் கொடுத்தால் அமைத்து, ஒத்துப்போகிறதா என்று தானே சரிபார்த்து, இல்லையென்றால் திருப்பிவிடும். உறுதி செய்யாமல் நேரம் குறித்தும் ஓட்டலாம். இயல்பு 60 விநாடி. பழைய 'ஐஎஃப்சிஎஃப்ஜி' கோப்புகளைக் கையால் எழுதும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் இப்போதே மாறிக்கொள்வது நல்லது. ரெட் ஹெட் 9இல் அவை கைவிடப்படும் பட்டியலில் வந்தன, 10இல் இல்லை.

எத்தனை சேர்வரில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதில் அன்சிபிள் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி: இயல்பாக ஐந்து. இந்த வேலைக்கு அந்தப் பயம் நல்லது. முதலில் ஒரு சேர்வர், பிறகு மூன்று, பிறகு மிச்சம் என்று படிப்படியாகப் போகச் சொல்லவும் அதில் வசதி இருக்கிறது; ஒரு படியில் ஒன்று தோற்றாலும் நின்றுவிடச் சொல்லலாம். பவர்ஷெல்லில் இதை நாமே எழுத வேண்டும், பலர் எழுதுவதில்லை.

சேர்வரையே தொடாத வழி

இவ்வளவு வாக்குவாதத்துக்கு நடுவே பலர் மறப்பது டி.எச்.சி.பி. (ஐ.பி.களைத் தானாகப் பங்கிடும் சேவை) முன்பதிவு. ஒவ்வொரு சேர்வரின் மெக்குக்கும் ஒரு ஐ.பி.யை டி.எச்.சி.பி. சேர்வரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, எல்லாச் சேர்வரையும் தானாக எடுத்துக்கொள்ள விடுவது. இன்று மாற்றுவதும், இரண்டு வருடம் கழித்து டி.என்.எஸ். மாற்றுவதும் ஒரே இடத்தில் முடியும். "சேர்வருக்கு நிலையான ஐ.பி.தான்" என்று நாங்கள் படித்த பாடத்துக்கு இது எதிரானது. மாறாத ஐ.பி. வேண்டும் என்பது சரி. அதை அந்தந்தச் சேர்வருக்குள் போய் எழுதத்தான் வேண்டும் என்பது தேவையில்லாத பிடிவாதம்.

இதன் பலவீனம் இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒன்று: மின்வெட்டு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தை விடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, நாடே ஒரேயடியாக இருண்டது. ஜெனரேட்டர் உள்ள டேட்டா சென்டருக்கு இது பெரிய விஷயமல்ல, யு.பி.எஸ். மட்டும் நம்பியிருக்கும் கிளைக் கந்தோருக்குப் பெரிய விஷயம். மின்சாரம் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும். டி.எச்.சி.பி. சேர்வர் கடைசியாக எழும்பினால்? விண்டோஸ் தன் பழைய குத்தகை (அந்த ஐ.பி.யை வைத்திருக்கக் கொடுத்த காலம்) முடியவில்லை என்றால் கேட்வேயைத் தட்டிப் பார்த்து, பதில் வந்தால் பழைய ஐ.பி.யோடு தொடரும். கேட்வேயும் இன்னும் எழும்பவில்லை என்றால் 169.254இல் தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொண்டு காத்திருக்கும். டி.எச்.சி.பி. எழும்பியதும் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் டேட்டாபேஸைத் தேடிப் போன மென்பொருள் தோற்று நின்றுவிட்டிருக்கும். விண்டோஸ் சேர்வர் 2012இலிருந்து இரண்டு டி.எச்.சி.பி. சேர்வர்களைச் சோடியாக ஓட்டலாம். அது இல்லாமல் இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

லினக்ஸில் இன்னொரு சிக்கல். உபுண்டு சேர்வர் டி.எச்.சி.பி.யிடம் தன்னை இயல்பாக மெக்கால் அறிமுகப்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் இயந்திர அடையாளத்திலிருந்து உருவாக்கிய ஒன்றைத் தரும். மெக்குக்கு ஒதுக்கிய ஐ.பி. அதற்குக் கிடைக்காமல் போகலாம். அந்தச் சேர்வரைப் பிரதியெடுத்து இன்னொன்று செய்தால், இரண்டும் ஒரே அடையாளத்தைச் சொல்லி ஒரே ஐ.பி.க்குச் சண்டை பிடிக்கும். நெட்பிளானில் மெக்கையே அடையாளமாகக் கொடு என்று ஒரு வரி எழுத வேண்டும்.

குத்தகைக் காலத்தையும் பாருங்கள். விண்டோஸ் டி.எச்.சி.பி.யில் இயல்பு எட்டு நாள். பாதியில்தான் புதுப்பிக்கக் கேட்கும். போயாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே அதை ஒரு மணித்தியாலமாகக் குறைத்துவிட்டால், அன்று மாற்றம் தானாகப் பரவும்.

டொமைன் கொன்ட்ரோலர், டி.எச்.சி.பி. சேர்வர்கள், ஹைப்பர்-வி அல்லது வி.எம்.வேர் ஓடும் மெய்யான சேர்வர்கள், ஐ-ஸ்கசி (நெட்வேர்க் வழியான தரவுச் சேமிப்பு) அடப்டர்கள்: இவற்றுக்கு முன்பதிவு வேண்டாம். மற்ற எதுவும் எழும்ப முன் எழும்ப வேண்டியவை இவை.

என் தெரிவு

முதலில் சொன்ன நிறுவனத்துக்கு நான் ஒரே வழியை எடுக்கமாட்டேன். டேட்டா சென்டரில் மெய்நிகராக ஓடும் சாதாரண மென்பொருள் சேர்வர்களை, விண்டோஸோ லினக்ஸோ, சோடி டி.எச்.சி.பி.யின் முன்பதிவுக்கு மாற்றுவேன். நாற்பதில் பாதிக்கு மேல் இப்படிக் கழன்றுவிடும். மிஞ்சும் விண்டோஸுக்கு பவர்ஷெல், பழைய ஐ.பி.யால் அடையாளம், இரண்டு டாஸ்க் முறை. மிஞ்சும் லினக்ஸ் நாலைந்துக்கு அன்சிபிள் அமைக்கும் நேரம் வீண். நெட்பிளான் ட்ரையும் என்.எம்.ஸ்டேட்டும் கையாலேயே போதும்.

இந்தத் தெரிவு எங்கே புரளும்? லினக்ஸ் பாதிக்கு மேல் இருந்தால், அல்லது இப்படியான மாற்றம் வருடத்துக்குப் பலமுறை வரும் என்றால், அன்சிபிள். குழுவில் அதை வாசிக்கத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்து, அவர் மெல்பேர்னுக்கோ டொரொன்டோவுக்கோ விசா எடுத்துப் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்களுக்கு அந்த யாமல் பூட்டிய பெட்டிதான். இங்கே இது கற்பனைப் பயமல்ல. நாற்பது வரிப் பவர்ஷெல்லை யாரும் வாசித்து விளங்கிக்கொள்வார்கள்.

கிளைச் சேர்வர்களை எந்தத் தானியங்கிப் பட்டியலிலும் முதல் சுற்றில் போட வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சேர்வர் விழுந்தால் இரவு பஸ் ஏறி விடிய அங்கே இறங்க வேண்டும், போயா நாளில் அங்கேயும் கந்தோர் பூட்டு. அவற்றை ஒரு வேலைநாளுக்குத் தள்ளிவிடுங்கள். மதிய இடைவேளையில், அங்கே ஒருவர் திரைக்கு முன்னால் கைத்தொலைபேசியோடு நிற்கும்போது செய்யுங்கள். சித்திரைப் புத்தாண்டு நீண்ட விடுமுறை என்று அதற்குள் முழு வேலையையும் வைக்கும் யோசனையும் அடிக்கடி வரும். அந்த நாட்களில் கொழும்பே காலி. டேட்டா சென்டரில் கேபிள் மாற்றிச் செருகித் தரக்கூடத் தெரிந்த ஆள் கிடைக்கமாட்டார்.

மாற்றம் முடிந்ததும் பிங் வருகிறது என்பதோடு நிற்காமல், சேமிப்பு அடப்டர்களில் பெரிய பொதியும் போகிறதா என்று பாருங்கள். எம்.டி.யு. (ஒரு பொதியின் அதிகபட்ச அளவு) 9000 வைத்த இடத்தில், உடைக்காமல் அனுப்பு என்ற தெரிவோடு 8972 பைட் பிங் போய்வர வேண்டும். விண்டோஸ் அட்டைப் பண்புகளில் அதே அளவை 9014 என்று எழுதியிருக்கும். ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் அது கூட்டிக் காட்டுகிறது. இந்தச் சோதனை தோற்றால் அன்று எல்லாம் ஓடுவது போலவே தெரியும். மறுநாள் காலை பாரம் ஏறும்போது டேட்டாபேஸ் மட்டும் இழுபடும். அதைச் சரிபார்க்கும் சிறு ஸ்கிரிப்டை மாற்றும் ஸ்கிரிப்டுக்கு முன்பே எழுதி, பழைய நெட்வேர்க்கில் ஒருமுறை ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். எது மாற்றத்தால் உடைந்தது, எது முன்பே உடைந்து கிடந்தது என்று பிரித்துச் சொல்ல அந்த முதல் ஓட்டத்தின் பதிவு வேண்டும்.